தண்ணீர் சுத்திகரிக்கப் போனவர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார அறிவியல் இணைப்பில் மென்பொருள் பிழைகள் பற்றிய கட்டுரை படித்தேன். 1991 வளைகுடாப் போரில், எதிரி ஏவுகணையை வானிலேயே மறித்து அடிக்க வேண்டிய அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணை கோட்டைவிட்ட கதையைக் கணக்குப் பிசகாமல் சொல்லியிருந்தார்கள். நூறு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடியதில் அதன் கடிகாரம் சுமார் 0.34 விநாடி தவறிப்போனது. அந்த நேரத்துக்குள் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டர் தாண்டிவிடும், பேட்ரியட் அதைத் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கும். எல்லாம் சரி. இறந்தவர்களுக்கு மட்டும் ‘28 அமெரிக்க வீரர்கள்’ என்று அரை வரிதான்.

நான் பிட்ஸ்பர்க்கில் வசிக்கிறேன். பிழைப்பே மென்பொருள் சோதனைதான். இங்கிருந்து காரில் கொஞ்ச தூரம் கிழக்கே போனால் கிரீன்ஸ்பர்க். அந்த 28 பேரில் 13 பேர் இந்த ஊரின் 14-ஆவது குவார்ட்டர்மாஸ்டர் (படைகளுக்குத் தேவையானதை வழங்கும்) பிரிவைச் சேர்ந்தவர்கள். அவர்களில் இருவர் பெண்கள். எல்லாருமே ரிசர்வ் படையினர். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு பயிற்சி, வருடத்தில் இரண்டு வாரம் முகாம். மற்ற நாளெல்லாம் அவரவர் வேலை, படிப்பு, குடும்பம். போர் என்று கூப்பிட்டால் கிளம்ப வேண்டும், கிளம்பினார்கள்.

போனது சண்டை போடக்கூட இல்லை, படைகளுக்குத் தண்ணீர் சுத்திகரித்துக் கொடுக்க. சவூதியில் இறங்கி ஆறே நாள். பிப்ரவரி 25 இரவு, தஹ்ரானில் கிடங்கு ஒன்றைத் தங்குமிடமாக்கியிருந்த இடத்தில் ஏவுகணை விழுந்தது. 69 பேர் கொண்ட பிரிவில் 13 பேர் இறந்தார்கள், 43 பேருக்குக் காயம். 28-ஆம் தேதி போர் நின்றுவிட்டது.

என் தொழில் புத்தி சும்மா இருக்காது. கடிகாரம் தவறுகிறது என்று இஸ்ரேல் தரப்பு இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட்டது. ‘ரொம்ப நேரம் ஓட்டாதீர்கள்’ என்று அமெரிக்க ராணுவமும் சுற்றறிக்கை விட்டது, ‘ரொம்ப’ என்றால் எத்தனை மணி நேரம் என்று சொல்லாமல். அவ்வப்போது ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தாலே கடிகாரம் சரியாகியிருக்கும். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது 26-ஆம் தேதி. மறுநாள்!

கிரீன்ஸ்பர்க் ரிசர்வ் மையத்தின் வாசலில் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஒவ்வொரு பிப்ரவரி 25-லும் கூடுகிறார்கள். நானும் ஒரு வருடம் போயிருந்தேன், பல் கிடுகிடுக்கும் குளிர். பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தபோது பக்கத்தில் நின்ற பெரியவர் ஒரு பெயருக்கு மட்டும் தொப்பியைக் கழற்றி, அப்புறம் மாட்டிக்கொண்டார். யார், என்ன உறவு என்று நான் கேட்கவில்லை.

இந்த உதாரணம் பொறியியல் வகுப்புகளில் அடிக்கடி அடிபடுவது. உங்கள் இணைப்பிலும் மறுபடி வரத்தான் போகிறது. வரும்போது 0.34-க்குப் பக்கத்தில் கிரீன்ஸ்பர்க் என்ற ஊர்ப் பெயரையும், இறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தண்ணீர் சுத்திகரிக்கப் போன ரிசர்வ் படையினர் என்பதையும் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா