கன்றுக்கு முன் தண்ணீர்: பழவேற்காட்டில் அலையாத்தி நடுவோருக்கு ஒரு திறந்த மடல்

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள ஊராட்சித் தலைவர்களுக்கும் வனத்துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

ஜூலை 26 உலக அலையாத்தி நாள். அன்று ஏரிக்கரையில் கன்று நடுவதை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். நம் ஏரிக்கு அதைவிடப் பொருந்தாத நாள் கிடையாது. வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும். ஆரணியாற்றிலும் காளங்கியிலும் நன்னீர் வராது. தென்மேற்குக் காற்றுக் காலத்து அலை, மணலை வடக்கே தள்ளி முகத்துவாரத்தைத் தூர்க்கும். ஆறும் வராமல் கடலும் வராமல் நிற்கும் தண்ணீர் வெயிலில் சுண்டிச் சுண்டி, கடலைவிட உப்பாகிவிடும்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. வளர்ந்த வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் அதைத் தாங்கும். உறிஞ்சிய உப்பை இலைமேல் கக்கிவிடும். விரலால் தடவினால் நறநறக்கும். பையிலிருந்து அப்போதுதான் எடுத்து நட்ட கன்றுக்கு அந்தத் தெம்பு கிடையாது. இலை நுனி கருகும், பிறகு குச்சிதான் நிற்கும்.

முதல் வேலை தண்ணீர் வழி. இடத்தைத் தேர்ந்ததும் மூங்கில் கழி ஒன்றை ஊன்றி, அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நீர் எதுவரை ஏறுகிறது, எதுவரை வற்றுகிறது என்று கீறி வையுங்கள். நம் ஏரிக்குள் இந்த வித்தியாசம் மிகக் குறைவு. ஒரு சாண் தப்பினாலும் கன்று காய்ந்துவிடும் அல்லது அழுகிவிடும். பிறகு மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டுங்கள். நடுக் கால்வாய் முகத்துவாரத்தோடு தொடர்புள்ள ஓடையில் சேர வேண்டும். கிளைகள் அதிலிருந்து 45 பாகைச் சாய்வில் பிரியட்டும். கால்வாயின் அகலம் மேலே 3 மீட்டர், அடியில் 1 மீட்டர், ஆழம் 1 மீட்டர் போதும். செங்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே கரை சரியும். கன்றை மேட்டில் நடாமல், தினமும் நீர் தொட்டு இறங்கும் சரிவில் நடுங்கள்.

வெண்கண்டல் விதையைப் புரட்டாசி, ஐப்பசியில் நேரடியாக ஊன்றலாம். லேசாகத் தொட்டதும் காம்பிலிருந்து கழன்றால் அது முற்றிய விதை. நாற்றங்கால் கன்றென்றால், வெள்ளம் வடிந்த பிறகு, கார்த்திகைக் கடைசியில் நடுங்கள். பிளாஸ்டிக் பையை முழுவதும் கிழித்தெடுக்க வேண்டும். அடியை மட்டும் கிழித்தால் வேர் உள்ளேயே சுருண்டு நெரிபடும்.

நடக்கூடாத இடமும் உண்டு. முழங்கால் அளவுகூட நீரில்லாத, வெட்டவெளியான சேற்றுத்திட்டு காலி இடமாகத் தெரியலாம். பூநாரை அலகைக் கவிழ்த்துச் சலித்து இரை தேடுவது அங்கேதான். இருளர் பெண்கள் சேற்றைத் தடவி இறால் பிடிப்பதும் அங்கேதான். மீன்பிடி இடத்தைப் பகிரும் 'பாடு' என்ற பாட்டு முறையில் ஊர்கள் பங்கு வைத்துக்கொண்ட நீர்ப்பரப்பில், பாட்டுக்காரர்களைக் கேட்காமல் ஒரு கழிகூட ஊன்றாதீர்கள். கடலோர மணலில் சவுக்கும் வேண்டாம். பங்குனி ஆமை என்ற கடலாமை முட்டையிடக் குழி தோண்டும்போது வேர் தடுக்கும். நிழல் மணலைக் குளிர்விக்கும், அதனால் ஆண் குஞ்சுகளே மிகும்.

ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தடா, சூளூர்ப்பேட்டைப் பக்கத்து ஊராட்சிகளோடும் பேசுங்கள். இந்தப் பக்கம் வெட்டுவதும் அடைப்பதும் அந்தப் பக்கத் தண்ணீரையும் மாற்றும்.

நட்ட பிறகுதான் செலவு அதிகம். கன்றைச் சுற்றும் பாசி அதைச் சேற்றில் சாய்த்துவிடும். வாரம் ஒருமுறை கையால் உருவ வேண்டும். மாடும் ஆடும் நுழையாதபடி வேலி வேண்டும். கால்வாயில் ஆண்டுதோறும் மழைக்கு முன் தூர் வார வேண்டும். இதற்கான கூலியை மூன்றாண்டுக்குக் கணக்கிட்டு, நடும் செலவோடு சேர்த்தே அனுமதி கேளுங்கள். பெயர்ப்பலகையில் நட்ட எண்ணிக்கையை எழுதவேண்டாம். மூன்றாம் ஆண்டு உயிரோடு நிற்கும் கன்றுகளை எண்ணி எழுதுங்கள்.