இரவோடு இரவாகப் படி வெட்டியவருக்கும், உங்கள் எல்லோருக்கும்

அன்பான உறவுகளுக்கு,

எங்கள் வகுப்புத் தலைவி மொனிட்டரின் எட்டாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. 2003 உயர்தர வகுப்பில் கூடப் படித்த நாங்கள் அவளைக் கடைசிவரை மொனிட்டர் என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நோயைப் பற்றியும், கண்டி, மஹரகம ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்ததைப் பற்றியும் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லாமல் கொழும்புக்குத் திரும்பவும் மனம் வரவில்லை.

இரத்தம் கொடுத்த தம்பிமார், வார்ட்டில் அவளுக்குத் தலைவாரிவிட்ட தாதியர், டோஹாவிலும் டொரண்டோவிலும் இருந்து காசு அனுப்பிய வகுப்புத் தோழர்கள், வெள்ளைக்கொடி கட்டிய பொடியன்கள், விடிய விடியத் தப்படித்த அண்ணன்மார், அன்றையப் பேர் (நாட்கூலி) அரைப்பேராகப் போனாலும் பரவாயில்லை என்று மலையிலிருந்து நேரே இறங்கி வந்த கொழுந்து எடுக்கும் அக்காமார், கேட்காமலே மூடை மூடையாகப் பாண் கொடுத்துவிட்ட பேக்கரி முதலாளி, பள்ளிவாசலில் இருந்து கதிரையும் கூடாரமும் அனுப்பியவர்கள், முழங்கால் வலியோடு வந்து நின்ற எங்கள் கணித சேர். அவிசாவளையில் இருந்து கித்துல்கல, கினிகத்தேனை என்று அந்த மழையிலும் பனியிலும் அவளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த வேன் சாரதி. உங்கள் எல்லோருக்கும் எங்கள் கும்பிடு.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அன்று பெட்டி தூக்கிய எங்களுக்கே அவரைத் தெரியாது.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களைத் தெரிந்தவர்களுக்கு அந்த இடம் புரியும். வேன் கொழுந்து நிறுக்கும் மடுவம் வரைக்கும்தான் போகும். அதற்கு மேலே தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்கு ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் தேயிலைச் சரிவு, நடுவில் வளைந்து திரும்பும் ஒரு முடக்கு. ஜூன் மழையில் அந்த முடக்கு வெறும் சேறு. மொனிட்டர் பள்ளிக்கு வந்த காலத்தில் வெள்ளைச் சப்பாத்தைச் சொப்பிங் பேக்கில் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு இறங்குவாள். கீழே பீலித் தண்ணீரில் கால் கழுவிய பிறகுதான் சப்பாத்து ஏறும். அந்த வழியாகத்தான் அவளைத் தோளில் வைத்து வீட்டுக்கு ஏற்ற வேண்டியிருந்தது. மறுநாள் அதே வழியாக மயானத்துக்கு இறக்கவும் வேண்டும். ஏற்றும்போது பட்ட பாட்டைத் தூக்கியவர்கள் அறிவார்கள். இறக்குவதை நினைத்து இரவெல்லாம் எங்களுக்குப் பயம்.

மறுநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு முடக்குக்கு வந்தால், அங்கே படி இருந்தது. மம்பட்டியால் வெட்டி, விளிம்பு இடியாமல் தேயிலை மிலாறுக் குச்சிகளைக் குறுக்கே வைத்து முளையடித்து, மேலே மானாப்புல்லைப் பரப்பியிருந்தார்கள். ஒவ்வொரு படியும் இரண்டு பேர் சேர்ந்து கால்வைக்கிற அகலம். யார் செய்தது என்று கேட்க அப்போது நேரமில்லை. ஒருவர் கால்கூட வழுக்காமல் இறங்கினோம்.

எட்டாம் நாளுக்கு வந்தபோதுதான் விசாரித்தோம். தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஒரு பெரியவர். இரவு டோர்ச் லைட்டை மண்திட்டில் சொருகிவைத்து, மழைக்குள் தனியாக வெட்டி முடித்துவிட்டு, காலையில் வழக்கம்போல வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்குப் போய்விட்டார். சாவு வீட்டுக்கு அவர் வரவேயில்லை. நேற்று லயத்தில் அவர் வீட்டுக் காம்பராவுக்குப் போய்ப் பார்த்தோம். மொனிட்டரை உங்களுக்கு எப்படிப் பழக்கம் என்று கேட்டேன்.

"எனக்கு அந்தப் புள்ளைய தெரியாது தம்பி. கொழும்புல இருந்து நீங்கல்லாம் சப்பாத்து போட்டுக்கிட்டு வருவீங்கன்னு தெரியும். பெட்டிய வச்சுக்கிட்டு அந்த முடக்குல வழுக்குனா என்னா செய்யிறது?"

பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "யாரும் விழுகலயே?"

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. அவளுக்காக அழ நாங்கள் அத்தனை பேர் இருந்தோம். அவளைத் தூக்கப்போகிற எங்கள் கால்களைப் பற்றி யோசித்தவர் அவர் ஒருவர். ஐயா, இதை உங்கள் பேத்தி வாசித்துக் காட்டுவாள் என்று நம்புகிறேன். நீங்கள் வெட்டிய படியில்தான் எங்கள் பிள்ளையைக் குலுங்காமல் கொண்டுபோனோம்.

அந்த வழியை நினைக்க நினைக்க மனம் ஆறவில்லை. கொழுந்து லொறி வர மடுவம் மட்டும் பாதை இருக்கிறது. பிள்ளைத்தாச்சிப் பெண்ணையும் சுகமில்லாத கிழவரையும் அதற்கு மேலே இன்றைக்கும் கம்பளியில் தூளி கட்டித்தான் இறக்குகிறார்கள். தோட்டத்துக்குள் வேலை செய்யவிடாமல் பிரதேச சபைகளின் கையைக் கட்டிவைத்திருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. திருத்திய பிறகும் எங்கள் முடக்குக்கு ஒரு மூடைச் சீமெந்து வந்து சேரவில்லை. மொனிட்டர் இதைப் பற்றி மனு எழுதிக்கொண்டே இருந்தாள். மஹரகமவுக்குப் போன பையிலும் ஒரு பிரதி இருந்தது.

ஆகவே வகுப்பு நண்பர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். வைத்தியத்துக்குச் சேர்த்த பணத்தில் மிஞ்சியதைத் திருப்பித் தர முன்வந்தபோது, பாதைக்குப் போடுங்கள் என்று அவளுடைய அம்மாவே சொல்லிவிட்டார். மடுவத்திலிருந்து லயம் வரை கொங்கிரீட் படியும் கைப்பிடிக் கம்பியும் போடுவோம். அனுமதி கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச சபைக்கும் கடிதம் கொடுத்தாகிவிட்டது. அளவு எடுக்கும்போது பெரியவரும் கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மண் எங்கே நிற்கும், எங்கே சரியும் என்று அவரைவிடத் தெரிந்தவர் எங்களில் யாருமில்லை.

மழை விட்டு, டிசம்பரில் சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கும்போது வேலையை ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறோம். பணம் தந்தவர்களுக்குக் கணக்கு தனியாக வரும். கல் சுமக்கவும் மணல் ஏற்றவும் ஆள் வேண்டும். வரக்கூடியவர்கள் இப்போதே லீவு சொல்லி வையுங்கள்.

நன்றியோடு,
2003 உயர்தர வகுப்புத் தோழர்கள் சார்பில்