ரப்பர் அடி ஷூ வேண்டாம்

நியூ பிரான்ஃபெல்ஸ், டெக்சாஸ்

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். வந்தால் சனிக்கிழமை எங்கே கூட்டிப்போவாய் என்று கேட்டிருந்தாய். க்ரீன் ஹாலுக்குத்தான். 1878ல் கட்டிய ஆட்டக்கூடம். தகரக் கூரை, ஏசி கிடையாது. பக்கவாட்டுப் பலகைகளைத் தூக்கிவைத்தால் காற்று வரும். இந்தப் பக்கம் குடியேறிய ஜெர்மானியரும் செக் மக்களும் ஊருக்கு ஊர் இப்படிக் கட்டிவைத்தார்கள். அதனால் தாத்தா பாட்டி, பிள்ளைகுட்டி என்று குடும்பமாகவே வருவார்கள்.

அங்கே வாசிக்கும் ஹாங்கி டாங்க் இசையின் கதை வேறு. அது சாலையோர மதுக்கடைப் பாட்டு. 1933ல் நாடு தழுவிய மதுவிலக்கு போனதும் அந்தக் கடைகள் பெருகின. அத்தனை இரைச்சலில் வெறும் கிதார் எடுபடுமா? எர்னஸ்ட் டப் என்ற கண்ட்ரி இசைப் பாடகர் 1941ல் மின்கிதாரைச் சேர்த்துப் பதிவு செய்தார், அதுவே வழக்கமாகிவிட்டது. பாட்டில் பாதி குடியும் பிரிவும்தான். அதற்கும் சிரித்துக்கொண்டே ஆடுவார்கள்!

மேடையில் பெடல் ஸ்டீல் வாசிப்பவரைக் கவனி. மேசை மாதிரி கிடக்கும் ஒருவகை கிதார்; பெரும்பாலும் 10 தந்தி. இடது கையில் இரும்பு உருளை, வலது விரல்களில் நகமாட்டி. இடது கால் பெடலை மிதித்தால் குறிப்பிட்ட தந்தி மட்டும் இறுகிச் சுரம் ஏறும். முழங்காலால் தள்ளும் நெம்புகோல்கள் தனி. வலது கால் ஒலியளவைப் பார்த்துக்கொள்ளும். அந்த அழுகை ஓசை இவ்வளவு வேலையிலிருந்துதான் வருகிறது.

இனி ஆட்டம். டூ ஸ்டெப் என்ற ஜோடி ஆட்டத்தில் இரண்டு வேக அடி, இரண்டு மெது அடி. வேகத்துக்கு ஒரு தாளத் தட்டு, மெதுவுக்கு இரண்டு, மொத்தம் 6. பாட்டோ நான்கு நான்காகப் போகும். 12 தட்டுக்கு ஒருமுறைதான் இரண்டும் ஒன்றுசேரும். நடுவில் தப்பிவிட்டதாகத் தோன்றும், தப்பவில்லை, நிறுத்தாதே. நீ இடது காலை முன்வைத்துத் தொடங்கு, சுமதி வலது காலைப் பின்வைக்கட்டும். காலைத் தூக்கிக் குதிக்காதே, தரையோடு தேய்த்துக்கொண்டு போ. கையைப் பிடித்து இழுத்தால் அவளுக்குத் தோள் வலிதான் மிஞ்சும். உன் உடம்பு நகர்ந்தாலே அவளுக்குத் தெரியும்.

கூட்டம் முழுக்க ஒரே வட்டமாகச் சுற்றும். கோயிலை வலம் வருவதற்கு நேர் எதிர்த்திசை. வேகமாக ஆடுபவர்களுக்கு வெளிவட்டம், மெதுவானவர்களுக்கு உள்வட்டம், வரிசை நடனக்காரர்களுக்கு நடு இடம். அடி குழம்பினால் நின்ற இடத்திலேயே எண்ணிப் பார்க்காதே, பின்னால் வரும் ஜோடி மோதிவிடும். ஓரமாக ஒதுங்கிவிடு. பீர் டம்ளரோடு ஆட்டத் தளத்தைக் குறுக்கே கடப்பதும் கூடாது. சிந்தினால் வழுக்கும், மரத்தரையும் பாழ்.

உன் ஓட்ட ஷூவை மட்டும் இதற்கு எடுத்து வராதே. ரப்பர் தரையைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், முழங்கால்தான் மாட்டும். தோல் அடி வைத்த பழைய ஆபீஸ் ஷூ இருக்கிறதே, அது போதும். புது பூட்ஸ் வாங்கினால் அன்றைக்கே போட்டு ஆடக் கூடாது, குதிகால் உரியும்.

மூன்று தட்டில் வால்ட்ஸ் வந்தால் தைரியமாக இறங்கலாம். போல்கா ஆரம்பித்தால் உட்கார்ந்துவிடு, அந்த வேகம் முதல் நாளுக்கு ஆகாது.

அன்புடன்,
அக்கா