வெயில் இறங்கிய பிறகு

மட்டக்குளி,
கொழும்பு 15.

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. நான் கட்டும் வள்ளத்துக்குக் கண்ணாடியிழைத் துணி ஒட்டி முடியும்வரை பேனையைத் தொடுவதில்லை என்று இருந்தேன், நேற்று முடிந்தது. அம்மா சுகம். கண் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பத்திரிகையைத் தானே வாசிக்கிறார். வீட்டுச் செய்தி இவ்வளவுதான்.

என்னுடையது பதினான்கு அடி. மெரைன் பிளைவூட் பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் மரத்தூள் குழைத்த எபொக்சி என்ற ஒட்டுப் பிசினை அப்பினோம். முதல் பூச்சைக் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியதுதான் பிழை. தகரக் கொட்டகை சூடேற ஏற, மரத்துக்குள் இருந்த காற்று விரிந்து வெளியே வந்தது. கண்ணாடி போல் கிடந்த பூச்சில் குண்டூசி முனையளவு குமிழிகள், ஒன்றை அமுக்கினால் பக்கத்தில் இரண்டு. அவ்வளவையும் தேய்த்து எடுக்க இரண்டு நாள் போயிற்று. இப்போது மாலை நான்கரைக்கு முன் டின்னைத் திறப்பதே இல்லை. மரம் ஆறும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, பிசினையும் தன்னோடு உள்ளே இழுத்துக்கொள்கிறது.

சித்திரை வெக்கையில் இன்னொரு தொல்லையும் உண்டு. பிசின் இரண்டு பங்கு, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் ஒரு பங்கு என்று கலந்ததும் அது தானாகச் சூடேறத் தொடங்கும். குவளையில் குவித்து வைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் புகைந்து கட்டியாகிவிடும். கலந்த கையோடு அகன்ற தட்டில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும். ஹார்ட்னரைக் கூட்டினால் விரைவாக இறுகும் என்று கொட்டகைக்கு வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அது பொலியெஸ்டர் என்ற வேறொரு பிசினின் பழக்கம். எபொக்சியில் அளவு தவறினால் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பு போகாது.

துணி நனையும் காட்சியை நீ பார்க்க வேண்டும். சதுர மீற்றருக்கு 200 கிராம் துணி, வேட்டி போல் வெள்ளையாகக் கிடக்கும். பிசினை ஊற்றி ரப்பர் தகட்டால் மெல்ல இழுத்தால் வெள்ளை கரைந்து, அடியில் மரத்தின் ரேகை எழுந்து வரும். வெள்ளை தெரிகிற இடம் இன்னும் நனையவில்லை. பளபளவென்று தேங்கிய இடத்தில் துணி மிதக்கிறது, அதை வழித்தெடுக்க வேண்டும். விடிந்தபின் தொட்டுப் பார்த்தேன், மெழுகு தடவியது போல் வழவழப்பு. களனி கங்கை முகத்துவாரத்து ஈரக் காற்றில் அப்படித்தான் படிகிறது. வெறும் தண்ணீரில் கழுவினால் போய்விடும். கழுவாமல் தேய்த்தால் அடுத்த பூச்சு சரியாகப் பிடிக்காது. இனிப் பெயின்ற் அடிக்க வேண்டும். வெயில் நேரே பட்டால் எபொக்சி கெட்டுவிடும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உன் அப்பாவின் வள்ளத்துக்கும் இதே போல் துணி ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் மச்சான். பிளைவூட்டில் படைகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அது அதிகம் அசையாது. அப்பாவின் வள்ளம் பலகையோடு பலகை சேர்ந்தது. தண்ணீரில் ஊறிப் பருத்துத்தான் இடைவெளியை அடைக்கிறது, கரையேற்றினால் சுருங்குகிறது. அந்த அசைவுக்கு மேல் விறைப்பான தோலைப் போர்த்தினால் மூட்டுகளில் வெடித்து விட்டுவிடும். உள்ளே தேங்கும் மழைத் தண்ணீர் மரத்துக்கும் துணிக்கும் நடுவே போய் நிற்கும். உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர்தான் மரத்தை விரைவாக உளுக்க வைக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும். உள்ளே பலகை மாவாகிப்போகும்.

அன்னபூரணியைக் கட்டி மிதக்கவிட்ட ஊர் நம் வல்வெட்டித்துறை. 1938இல் அந்தப் பாய்க்கப்பல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை போய்ச் சேர்ந்தது. அப்பா எப்படி நார் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினாரோ, அப்படியே நாமும் செய்வோம். உளுத்த பலகைகளை மட்டும் மாற்றினால் போதும். உளியைக் குத்திப் பார், மெத்தென்று இறங்கும் இடங்களைச் சோக்கால் குறித்து வை. வைகாசி முதல் கிழமை இரவு பஸ்ஸில் வருகிறேன். குங்கிலியம் நான் இங்கிருந்து கொண்டு வருகிறேன். அப்பாவின் மரச் சுத்தியலை மட்டும் தேடி எடுத்து வை.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்