403-இல் 128 போனால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த கல்விக் கட்டுரையின் நடுவே ஒரு வரி: பத்தாயிரம் மணி நேரம் வகுப்பில் நின்றவருக்குப் பயிற்சி எதற்கு, அனுபவமே ஆசான் என்று. எழுதியவர் பள்ளி ஆசிரியர்களான எங்களைப் புகழ்வதாகவே நினைத்திருக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் மரியாதையாக எழுத வேண்டியிருக்கிறது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம். பத்தாயிரத்தை 800-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. ஆக, பதின்மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் தொடக்கப் பள்ளி ஆசிரியர் அத்தனை பேரும் மேதைகள். அப்புறம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கழித்தல் வரவில்லை என்று முதல் பக்கத்தில் போடுகிறீர்களே, அது யாரிடம் படித்த பிள்ளை?

அந்தப் பத்தாயிரமும் இரவல் எண்தான். 1993-இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் உடன் இருவரும் பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. மிகச் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் தனியாக உட்கார்ந்து செய்த சாதகம் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. சாதகம், ஐயா; கச்சேரி இல்லை. பிசிறு தட்டிய இடத்தை மட்டும் தனியே எடுத்து, சரியாகும்வரை திரும்பத் திரும்ப வாசிப்பது சாதகம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன்னால் நாங்கள் செய்வது முழுக்கக் கச்சேரி. பிசிறு தட்டினாலும் தனி ஆவர்த்தனத்துக்குப் போய்விடுவோம்.

அனுபவம் தானாகக் கற்றுத்தராது என்பதற்கு எங்களை விடவும் நல்ல சாட்சி மனநல ஆலோசகர்கள். அமெரிக்காவில் 170 ஆலோசகர்களையும் அவர்களிடம் வந்த 6,500-க்கும் மேற்பட்டவர்களையும் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. அனுபவம் கூடக்கூடப் பலன் கூடவில்லை. சராசரியில் மிகக் கொஞ்சமாக இறங்கவே செய்தது. தனித்தனியாகப் பார்த்தால் முன்னேறியவர்களும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதில் வியப்பு ஒன்றுமில்லை. மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தன் தவறு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆலோசகரிடம் வந்து பலன் காணாதவர் சொல்லாமல் நின்றுவிடுவார். தேறியவர்தான் இனிப்போடு திரும்பி வருவார். மூன்றாம் வகுப்பு ஆசிரியர் கதையும் அதேதான். ஜூன் வந்தால் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்விடும், பிழையையும் பைக்குள் வைத்துக்கொண்டு.

பிழை என்றால் எது என்று காட்டுகிறேன். 403-லிருந்து 128-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். விடை 275. வகுப்பில் 325, 285, 375 மூன்றும் வரும். மூன்றுக்கும் ஒரே சிவப்புப் பெருக்கல் குறி போடுவதுதான் நடைமுறை. ஆனால் மூன்றும் மூன்று வியாதி.

325 எழுதிய பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது: எட்டில் மூன்று போக ஐந்து, இரண்டில் சுழி போக இரண்டு. இதைச் சொல்லிக்கொடுத்ததே நாம்தான். ஒன்றாம் வகுப்பில் "சின்னதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது" என்றோம். பிள்ளை சொன்னபடி நடக்கிறது. 285 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். ஆனால் பத்தாக மாறிய சுழி, ஒன்றுகளின் இடத்துக்கு ஒரு பத்தைக் கொடுத்த பின் ஒன்பதாகக் குறைய வேண்டும் என்பதை விட்டுவிட்டது. 375 எழுதியது அந்த ஒன்பதைச் சரியாகப் போட்டுவிட்டு, நூறில் இருந்த நான்கை மூன்றாக்க மறந்தது.

மருந்தும் ஒன்றில்லை. பின்னிரண்டு பிள்ளைகளுக்கும் நான்கு நூறு ரூபாய்த் தாளும் மூன்று ஒரு ரூபாயும் கொடுத்து 128 ரூபாய் கேட்டால் போதும். ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்றி, அதில் ஒரு பத்தைச் சில்லறையாக்கினால் ஒன்பது பத்து கையில் தெரியும், நூறு மூன்றாகக் குறைந்ததும் தெரியும். ('கடன்' என்ற சொல்லே வினை. திருப்பித் தராத கடன் எந்த ஊரில் உண்டு? பாடநூல் 'இனமாற்றம்' என்கிறது. அது எந்த வாயிலும் நுழைவதில்லை. 'சில்லறை மாற்றுவது' என்றால் பிள்ளைக்குப் புரியும்.) 325-க்கு இது உதவாது. அந்தப் பிள்ளைக்கு மாற்றவேண்டிய தேவையே தெரியாது. "கையில் மூன்று ரூபாய், கடைக்காரர் எட்டு கேட்கிறார்" என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆசிரியருக்கான சாதகம் இதிலேயே இருக்கிறது. நோட்டுகளை மதிப்பெண்படி அடுக்காமல் தவறான விடைப்படி அடுக்க வேண்டும். அடுத்து 502-லிருந்து 267 கொடுக்குமுன், யார் என்ன எழுதுவார் என்று துண்டுச்சீட்டில் எழுதி மடித்து வைக்க வேண்டும். முதல் பிள்ளை 365, இரண்டாவது 245, மூன்றாவது 335. சீட்டும் நோட்டும் பொருந்தினால் நம் கணிப்பு சரி. பொருந்தாவிட்டால் பிள்ளையை உட்காரவைத்து, சரி தவறு சொல்லாமல், "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேட்க வேண்டும். மறுநாள் சரியாகப் போட்டதை நம்பக் கூடாது. மூன்று வாரம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

இதை எங்கே பழக்குகிறார்கள் என்று கேட்பீர்கள். பி.எட். 2015 முதல் இரண்டு ஆண்டு. பள்ளியில் 20 வாரம். அந்த 20 வாரமும் பெரும்பாலும் ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போடுவதிலும் சார்ட் வரைவதிலும் கரைகிறது. பணிக்கு வந்த பின் கிடைப்பது, மாநிலத்தில் கேட்டவர் மாவட்டத்தில் சொல்லி, மாவட்டத்தில் கேட்டவர் வட்டார வள மையத்தில் சொல்லும் பயிற்சி. கடைசிப் படியில் மிஞ்சுவது பவர்பாயின்டும் டீயும். பார்வையிட வருபவர் பாடக் குறிப்பேட்டைப் பார்ப்பார், குரல் கேட்கிறதா என்பார், டி.எல்.எம். (கற்பித்தல் துணைப்பொருள்) எங்கே என்பார். பிள்ளையின் நோட்டைத் திறப்பவர் அபூர்வம். ஜப்பானில் நான்கைந்து ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த, மற்றவர்கள் அவரைப் பார்க்காமல் பிள்ளைகள் எழுதுவதைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பேச்சு. இதற்குச் செலவு என்ன பெரிதாக? திட்டமிடச் சில சந்திப்புகள், நடத்திப் பார்த்துப் பேச ஒரு பிற்பகல்.

ஆகவே, பயிற்சி வேண்டாம் என்கிற உங்கள் கட்டுரையாளரும் இன்றைய பயிற்சிமேல் மனத்தாங்கல் உள்ள நானும் ஒரே கட்சி என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்.

செப்டம்பர் 5 சிறப்பிதழையும் சொல்லாமல் விட முடியவில்லை. ஏணி, தோணி, மெழுகுவத்தி என்று வருடா வருடம் போடுகிறீர்கள். மெழுகுவத்தி எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, எரிந்தால் போதும். உங்களுக்கும் ஆசிரியர் என்றுதான் பெயர். உங்களை யாராவது மெழுகுவத்தி என்கிறார்களா?

கேட்க வந்தது சின்ன விஷயம். புதன்கிழமை மாணவர் பக்கத்தில் மாதிரி வினாக்களும் சரியான விடைகளும் போடுகிறீர்கள். பக்கத்திலேயே ஒரு கட்டம் கட்டி, பிள்ளைகள் வழக்கமாக எழுதும் தவறான விடை ஒன்றையும் அது எப்படி வந்தது என்பதையும் நான்கு வரியில் போடுங்கள். முதல் வாரத்துக்கு 325 இருக்கட்டும். இடமில்லை என்றால் ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் ஆட்சேபமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்றுநர்,
திண்டுக்கல் மாவட்டம்.