காசோலை வந்தது, ஆள் வரவில்லை

அன்பின் மச்சான்,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் பழையபடிதான். மழை பிந்துகிறது, இரணைமடுக் குளத்தை நம்பி இருக்கிறோம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வாசிகசாலைக்குப் பின்னால் இருக்கிற பழைய நெல் களஞ்சியத்தில் ஒரு ஒலி வேலை செய்திருக்கிறேன். சிரிக்காதே. புறநானூற்று 208ஆம் பாட்டு. மாஸ்டர் பிரம்போடு படிப்பித்தாரே, ஆளைப் பார்க்காமலே அதியமான் பரிசில் அனுப்ப, 'வாணிகப் பரிசிலன் அல்லேன்', பரிசிலுக்குப் பாட்டு விற்கிற வியாபாரி நானில்லை என்று புலவர் பெருஞ்சித்திரனார் முகத்திலடித்த மாதிரிச் சொன்னது, அதுதான். சுவரோரம் ஸ்பீக்கர் பெட்டிகள்; பெட்டிக்குப் பாட்டின் ஓர் அடி. இடையிடையே முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பதிந்த சத்தங்கள்: தேங்காய் உடைவது, கச்சான் வறுக்கிற மணலில் கரண்டி உரசுவது, சில்லறை எண்ணுவது, பஸ் ஹோர்ன். நடுவில் நின்றால்தான் கடைசி அடிகள் கேட்கும். அதற்கு ஒரு சென்சர். நிற்காமல் போகிறவனுக்குச் சில்லறைச் சத்தம் மட்டும்.

குரல், அங்கே கச்சான் விற்கிற ஒரு அக்காவுடையது. அந்த அடியை வாசித்துவிட்டு, "நான் வாணிகக்காரிதானே தம்பி, ஏன் என்னைக்கொண்டு பொய் சொல்லுவிக்கிறாய்?" என்று சிரித்தா. பிறகு, "வியாபாரம் கெட்ட நேரத்துக்கு எவ்வளவு தருவாய்?" கொடுத்தேன். அந்தச் சிரிப்பையும் கேள்வியையும் வெட்டாமல் பாட்டுக்குள் விட்டிருக்கிறேன். முழு வேலையிலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

இப்போது கேள். ஒரு கொம்பனி காசோலை அனுப்பியிருக்கிறது. ஒருத்தரும் வந்து கேட்கவில்லை. பாட்டுக்கு முன்னால் தங்கள் விளம்பரம் ஓடவேண்டுமாம். காணாது ஈத்த பொருள், சொல்லிவைத்த மாதிரி! கட்டையன், "வாங்கடா, ஸ்பீக்கர் வாடகை ஆர் கட்டுறது?" என்கிறான். அவன் கேட்பதும் ஞாயம். பெருஞ்சித்திரனார் காசு வேண்டாம் என்றவரில்லை. குன்றும் மலையும் கடந்து வந்ததே பரிசிலுக்குத்தான். தினையளவு என்றாலும் என்னை அறிந்து தா என்கிறார். நாங்கள் பார்க்காமல் கொடுத்தவர்களிடம் எவ்வளவோ வாங்கிவிட்டோம் மச்சான். தறப்பாள், வாளி, பெயர்ப்பலகையோடு கிணறு. வாங்கும்போது படம் எடுத்தார்கள், பேர் கேட்கவில்லை. அது நினைவுக்கு வந்த பிறகு காசோலையை மாற்ற மனம் வரவில்லை.

கடைசி அடி வரும்வரை வந்து நில்லுங்கள், பிறகு காசைப் பேசலாம் என்று எழுதிவிட்டேன். பதில் இல்லை. சிறிது தந்த இளவெளிமானின் கடிமரத்தில், அவன் காவல்மரத்தில், பெருஞ்சித்திரனார் கட்டின மாதிரிக் கட்ட யானை எங்கே என்று நீ நக்கலடிப்பாய், தெரியும்.

அப்புறம், புறநானூற்று 163ஐ உன் மனுசியின் குரலில் பதிந்து அனுப்பு. கிடைத்த பரிசிலை எல்லோர்க்கும் கொடு என்று பெருஞ்சித்திரனார் தன் மனுசிக்குச் சொல்கிற பாட்டை அவ வாசித்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டும். ஃபோனில் பதிந்தாலே போதும், ஃபானை நிற்பாட்டிவிட்டு. அவ கூலி கேட்டால் நீ குறுக்கே பேசாதே.