புத்தகம் அனுப்ப ஒரு முகவரி

சைதாப்பேட்டை,
ஞாயிறு மத்தியானம்

குட்டிம்மா,

சாப்பிட்டாயா? இதைக் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறேன். நான் டைப் பண்ணி அனுப்புவதற்கெல்லாம் நீல டிக் விழுகிறது, அப்புறம் ‘ம்’ என்று ஒரே ஒரு எழுத்து வருகிறது. என் கையெழுத்தைப் பார்த்தால் ‘ம்’ போட உனக்கு மனசு வராது என்று ஒரு நம்பிக்கை.

விசேஷம் ஒன்றும் இல்லை. எல்லாரும் சௌக்கியம். நான் ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன், அதைச் சொல்லத்தான். சிரிக்காதே. முப்பத்து நாலு வருஷம் லெட்ஜரைத் தவிர வேறு எதையும் ஒழுங்காகப் படிக்காதவள்தான். ரிட்டயர் ஆனால் படிக்கலாம் என்று நினைத்தேன், கண் ஒத்துழைக்கவில்லை. நவம்பரில் வலது, டிசம்பரில் இடது என்று இரண்டு கண்ணிலும் புரை எடுத்தது உனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து முதலில் நான் கவனித்தது சமையலறைச் சுவரை. மஞ்சளேறிக் கிடக்கிறது, பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தேன் அல்லவா? சுவர் வெள்ளையாகத்தான் இருந்திருக்கிறது. மஞ்சள் என் கண்ணில். அப்பாவுக்கு ஏக சந்தோஷம், பெயிண்ட் செலவு மிச்சம்.

வெள்ளைச் சுவர் என்றதும் ஞாபகம் வருகிறது. வீடியோவில் பேசும்போது உனக்குப் பின்னால் எப்போதும் அந்தப் புத்தக ஷெல்ஃப் தெரியும், மேல் தட்டில் ஒரு செடி. கடைசியாகப் பேசிய மூன்று தடவையும் வெறும் சுவர்தான். வேறு மூலையில் உட்கார்ந்திருப்பாய், அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கும். சரி, அதை விடு.

ஜனவரியில் அப்பாவை இழுத்துக்கொண்டு புத்தகக் கண்காட்சிக்குப் போனேன். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் காலடி மண் பறந்தது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நீ இருந்தால் ஸ்டால் ஸ்டாலாக உட்கார்ந்துவிடுவாய், நான் கைப்பைக்குக் காவல். இந்தத் தடவை நான் உட்கார்ந்தேன், அப்பா காவல். ரொம்ப நேரம் நிற்கவில்லை மனுஷன், பஜ்ஜிக் கடைப் பக்கம் போய்விட்டார். பத்து சதவீதக் கழிவு போக, கு. அழகிரிசாமி சிறுகதைகள் வாங்கினேன். தலையணை மாதிரி இருக்கிறது. படுத்துக்கொண்டு படித்தால் மூக்கில் விழும். நீயும் படுத்துக்கொண்டு படிக்காதே, உன் கண்ணும் என் கண் மாதிரிதான்.

இவர் அப்பா ஊர்ப் பக்கத்துக்காரர், தெரியுமா? கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகிற வழியில் இடைசெவல். எழுத்தாளர் கி.ரா.வும் அதே ஊர். இரண்டு பேரும் பிறந்தது 1923-இல், சின்ன வயதிலிருந்து சிநேகிதம். கி.ரா. 2021 வரை இருந்தார். இவர் பாவம், 1970-இலேயே போய்விட்டார். சாகித்ய அகாடமி பரிசு கூடப் போன பிறகுதான் வந்தது. பிழைப்புக்காக மெட்ராஸ், மலேயா என்று போனவர். கோலாலம்பூரில் தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை பார்த்திருக்கிறார். அங்கே போய் இறங்கியதும் ஊரில் யாருக்காவது முகவரி எழுதிப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். “இடைசெவலா? எங்க சின்ன அத்தையை அந்தப் பக்கம்தான் கட்டிக் கொடுத்தது” என்றார். அவ்வளவுதான், இலக்கியம் முடிந்தது.

முதலில் ‘ராஜா வந்திருக்கிறார்’ படித்தேன். தீபாவளிக்கு முந்தின ராத்திரி, சாப்பாட்டுக்கே இழுபறியான வீடு, மூன்று பிள்ளைகள். அங்கே வந்து ஒண்டுகிற ஓர் அநாதைப் பையன், பெயர் ராஜா. அந்த அம்மா இருக்கிறதில் அவனுக்கும் ஒரு துணி எடுத்துக் கொடுக்கிறாள். அவ்வளவுதான் கதை. ஒரு இடத்தில் கூட அழு என்று சொல்லவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்துபோய்ப் பாலை அடுப்பில் வைத்தேன், பொங்கி வழிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்குப் போகிறேன். பிங்க் பஸ்ஸில் காசு கிடையாது. 2010-இல் திறந்தபோது நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். கூட்டிப்போ கூட்டிப்போ என்றாய். முழுப் பரீட்சை முடியட்டும் என்றேன். அப்புறம் எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது பப்ளிக். கடைசி வரை கூட்டிப்போகவே இல்லை. பஸ் ஏறினால் அரை மணி நேரம். அங்கே சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. பூராவும் உன் வயதுப் பிள்ளைகள், டிஎன்பிஎஸ்சி, பேங்க் பரீட்சை என்று கைடு வைத்துக்கொண்டு பென்சிலைக் கடிக்கிறார்கள். கதைப் புத்தகம் வைத்திருக்கிற ஒரே ஆள் நான்தான். போன வாரம் ஒரு பெண் என்னிடம், “ஆன்ட்டி, நீங்க எந்த எக்ஸாமுக்கு?” என்றாள். “சும்மா படிக்கிறேன்” என்றேன். அவள் பார்த்த பார்வையில் பொறாமை இருந்ததா, பரிதாபம் இருந்ததா என்று தெரியவில்லை. வேலை போய் வேறு வேலை தேடுகிறவர்களும் வந்து உட்காருவதாக அவள் சொன்னாள். இந்தக் காலத்தில் அது எல்லார் வீட்டிலும் நடக்கிறது, அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று சொன்னேன். அவளிடம்தான் சொன்னேன்.

ராத்திரி சாப்பிடாமல் தூங்காதே. தயிர்சாதமாவது சாப்பிடு.

அந்த இடத்தில் உட்கார்ந்துதான் ‘அன்பளிப்பு’ படித்தேன். நீ படித்திருப்பாய், உனக்குத் தெரியாத கதையா? படிக்கவில்லை என்றால் நான் முடிவைச் சொல்லிவிடுவேன், கோபித்துக்கொள்ளாதே. முடிவு தெரிந்த பிறகும் நான் மூன்று தடவை படித்தேன். புத்தகம் நிறைய வைத்திருக்கிற ஒருத்தர் வீட்டை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டிருக்கிறார்கள். புத்தகம் எங்கே, எனக்கு எங்கே என்று அலமாரியைக் கலைத்துப் போடுகிறார்கள். அவருக்கும் அவர்கள் மேல் உயிர். அதில் இரண்டு பேருக்கு டைரி பரிசு கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்கு இல்லை. வேண்டுமென்று செய்யவில்லை, அவன் நினைப்பு வரவில்லை, அவ்வளவுதான். அவன் சண்டை போடவில்லை, கேட்கவும் இல்லை. பிறகு ஒரு நாள் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, எழுதித் தரச் சொல்கிறான். என்ன எழுத என்று கேட்டால், பிரியமுள்ள சாரங்கனுக்கு அன்பளிப்பு என்று அவனே சொல்லிக் கொடுக்கிறான்.

அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. மூடி வைத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

உன் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நீல டிரங்குப் பெட்டி. வெள்ளத்தில் போனது என்று சொன்னேனே, அது வெள்ளத்தில் போகவில்லை.

பிளஸ் டூ காலாண்டில் இயற்பியலில் இருநூறுக்கு 112 வாங்கினாய். பரீட்சை முடிகிற வரை கதைப் புத்தகம் எல்லாம் பெட்டியில், பெட்டி பரண் மேல் என்று முடிவு பண்ணினோம். நீயும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சம்மதித்தாய். ஒரு ராத்திரி ஒரு மணிக்கு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. நீ பரணிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு பாத்ரூமில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாய். நான் கதவைத் தட்டவில்லை. சரஸ்வதி பூஜை முடிந்த மறுவாரம், நீ ஸ்கூலுக்குப் போனதும், பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டுப் பெட்டியோடு போட்டுவிட்டேன். பூஜையில் வைத்துப் பொட்டு வைத்த புத்தகம் கூட அதில் இருந்தது. அந்தக் கண்ணாடி போட்ட பையன் கதை ஏழு பாகமும். சித்தப்பா சின்ன வயதிலிருந்து சேர்த்து உனக்கென்று கொடுத்த லயன் காமிக்ஸ் மொத்தமும். பெட்டிக்குத் தனியாக ஐம்பது ரூபாய். புத்தகம் 23 கிலோ, கிலோ எட்டு ரூபாய் வீதம் 184 ரூபாய். அந்தக் காசில் உனக்கு இயற்பியல் கைடு வாங்கினேன். ஞாபகம் இருக்கிறதா, சிவப்பு அட்டை போட்டது?

பப்ளிக் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சத்தியமாக இருந்தேன். அதற்குள் டிசம்பர் 1. நீ பெரம்பூரில் சித்தப்பா வீட்டில் மாட்டிக்கொண்டாய், அதுவே நல்லதாகப் போயிற்று. இங்கே ராத்திரி அடையாறு உள்ளே வந்தது. ஜன்னலில் மூன்றாவது கம்பி வரை. பாட்டியின் பொன்னியின் செல்வன் பைண்டு போனது நிஜம். 1950-லிருந்து 1954 வரை கல்கியில் வாராவாரம் வந்ததைக் கத்தரித்து, மணியம் படங்களோடு பாட்டியின் அப்பா தைத்து வைத்தது. அது பீரோவின் அடித்தட்டில் இருந்தது. மொட்டை மாடியில் பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைத்தேன். மழை விட்டால்தானே காய! உப்பிப்போய், கறுப்புப் பூத்து, ஒரு பக்கத்தை எடுத்தால் பத்துப் பக்கம் கூடவே வந்தது. அதற்காக நான் அழுததை நீ பார்த்தாய்.

நாலு நாள் கழித்து நீ வந்து, சேற்றில் நின்றுகொண்டு, “என் பெட்டி?” என்றாய். துடைக்கிறதற்காக அதற்கு முந்தின நாள்தான் கீழே இறக்கி வைத்திருந்தேன், தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது என்றேன். வாயில் அப்படியே வந்துவிட்டது. ஊரே எல்லாவற்றையும் தெருவில் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த நேரம், யார் எதை நம்ப மாட்டார்கள்? நீ பரணை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாய். காய்ந்து கிடந்தது. என்னைப் பார்க்கவில்லை. அப்புறம் பெட்டி என்ற வார்த்தையே உன் வாயில் வந்ததில்லை. அரையாண்டை ஜனவரிக்குத் தள்ளி வைத்தார்கள், நீ படித்தாய், 1200-க்கு 1089 வாங்கினாய். புத்தகத்தை எடுத்ததால்தான் அந்த மார்க் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆபீஸில் எத்தனை பேரிடம் அந்த 1089-ஐச் சொல்லியிருப்பேன். உனக்குத் தெரியுமா, தெரியாதா என்று பத்து வருஷமாகக் கேட்க முடியவில்லை. உன்னிடம் எதையும் நேராகக் கேட்க முடியாமல் போனது அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. சித்தப்பாவுக்கும் தெரியாது, ஒவ்வொரு மழைக்கும் தன் காமிக்ஸை நினைத்து வருத்தப்படுவார். நீ சொல்வதானால் சொல்லிக்கொள்.

உன் வீட்டில் அந்த ஷெல்ஃப் முதல் முதலில் தெரிந்தபோது நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? என் பெண் ஒரு சுவர் நிறையப் புத்தகம் வைத்திருக்கிறாள் என்று மாடி வீட்டு மாமியிடம் கூடச் சொன்னேன். இத்தனை வாங்குகிறவளுக்கு அம்மாவுக்கு ஒன்று அனுப்பத் தோன்றவில்லையே என்றும் நினைத்தேன். தோன்றினாலும் எந்த முகத்தோடு வாங்கிக்கொண்டிருப்பேன்? வீடு மாற்றினால் முதலில் மூட்டை கட்டுவது புத்தகத்தைத்தான், கனம். கைக்குக் காசு வேண்டுமென்றாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். நீ எதற்கும் அதை விற்காதே. வேண்டியதை என்னிடம் கேள். பென்ஷனில் நான் தனியாகக் கொஞ்சம் வைத்திருக்கிறேன், அப்பாவிடம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பொங்கலுக்கு அனுப்பிய பார்சல் திரும்பி வந்துவிட்டது. தபாலில் ஏதோ குழப்பம் போலிருக்கிறது, ரிஜிஸ்டர் தபாலையும் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்ததிலிருந்து எதுவுமே எனக்குப் புரியவில்லை. அப்பா வாக்கிங் போயிருந்த நேரத்தில் வந்தது. முறுக்கை ஒளித்து வைத்து நாலு நாள் நானே தின்றேன். பருப்புப் பொடி கெடவில்லை.

இந்தப் புத்தகத்தை உனக்கு அனுப்ப வேண்டும். இன்னும் ஒரு அறுபது பக்கம் பாக்கி, வியாழக்கிழமைக்குள் முடித்துவிடுவேன். எந்த முகவரிக்கு என்று மட்டும் எழுது, பின்கோடு சரியாகப் போடு. புனேயில் இல்லாமல் வேறு எங்கே என்றாலும் சரி, நான் ஒன்றும் கேட்க மாட்டேன். வீட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டாலும் சரி. முதல் பக்கத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை. இரண்டு நாளாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன், எழுத வரவில்லை. என்ன எழுத வேண்டும் என்று நீ சொன்னால் அதை எழுதுகிறேன்.

பருப்புப் பொடியையும் கூடவே வைக்கிறேன். புத்தகத்தில் எண்ணெய் படாமல் இரண்டு கவர் போட்டுக் கட்டுவேன்.

அம்மா